பனி விழுந்தால் மேட்ச் தள்ளிவைப்பு, கூண்டு ஏறினால் படகு கரையேற்றம்: போன நாளுக்கு கூலி யார் கொடுப்பது?

பொன்னேரி,

இங்கிலாந்தில் பனி கொட்டினால் கால்பந்து போட்டியை தள்ளி வைப்பார்கள். பழவேற்காட்டில் புயல் சின்னம் உருவானால் படகை இழுத்து மணல் மேல் ஏற்றி வைப்பார்கள். ரெண்டுமே வானத்தைப் பார்த்து எடுக்கிற முடிவுதான். ஆனால் தள்ளி வைத்த மேட்ச் இன்னொரு தேதியில் நடந்துவிடும். டிக்கெட் வாங்கியவன் அதே மேட்சை பார்ப்பான். ஆட்டக்காரனுக்கு சம்பளம் வந்துவிடும். படகு நின்ற நாளுக்கு அப்படி இன்னொரு தேதி கிடையாது. அன்றைய மீன் அன்றோடு போச்சு.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் பழவேற்காடு ஏரியை சுற்றியுள்ள குப்பங்களில் இந்த கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கும். டி.வி.யில் "மோசமான வானிலையால் போட்டி ஒத்திவைப்பு" என்று கீழே செய்தி ஓடும்போது, கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களுக்கு அது ஏதோ தூர தேசத்து சங்கதி மாதிரி தெரியும். உண்மையில் அது இவர்கள் கதையேதான். ஆட்டத்தை நிறுத்துவது யார், எதை வைத்து நிறுத்துகிறார்கள், நஷ்டம் யார் தலையில் விழுகிறது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

பனியில் ஏன் ஆடக்கூடாது?

பனி விழுந்தால் குளிருமே என்பதற்காக மேட்சை நிறுத்துவது இல்லை. குளிரில் ஆடி பழகியவர்கள்தான் அவர்கள். பிரச்சினை தரையில். தண்ணீர் உறைந்துவிட்டால் புல் தரை சிமெண்டு தரை மாதிரி ஆகிவிடும். ஷூவுக்கு கீழே இருக்கும் குமிழ் மண்ணில் இறங்காது. ஓடி வந்து திரும்பினால் வழுக்கும். விழுந்தால் முட்டி பெயரும், எலும்பு முறியும். பனி மூடிய மைதானத்தில் வெள்ளைக் கோடு தெரியாது. பந்தை மட்டும் ஆரஞ்சு கலரில் மாற்றி சமாளிக்கலாம். கோட்டை எப்படி மாற்றுவது?

அதனால் மேட்ச் நாளில் காலையிலேயே நடுவர் மைதானத்துக்கு போய்விடுவார். நாலு மூலையிலும் நடந்து பார்ப்பார். பந்தை தட்டிப் பார்ப்பார். காலை அழுத்திப் பார்ப்பார். சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அப்பீல் இல்லை. பாதி ஆட்டத்தில் நிறுத்தினாலும், அந்த போட்டிக்கு என்று தனி விதி இல்லாவிட்டால் முதலில் இருந்து திரும்ப ஆட வேண்டும் என்பதுதான் சர்வதேச விதி. 80 நிமிடம் ஆடி ஜெயிக்கிற நிலையில் இருந்தவன் வாயில் மண்தான்.

இப்போது பெரிய கிளப்புகள் மைதானத்துக்கு அடியில் குழாய் பதித்து சுடுதண்ணீர் ஓட விடுகின்றன. மேலே பனி விழ விழ உருகிவிடும். இந்த வேலையை இங்கிலாந்தில் ஆரம்பித்து வைத்தது எவர்டன் கிளப். 1958-ல் தன்னுடைய குடிசன் பார்க் மைதானத்துக்கு கீழே மின்சார கம்பி பதித்தார்கள். பனி நன்றாகவே உருகியது. உருகிய தண்ணீர் போகத்தான் வழி இல்லை. 1960-ல் மைதானத்தை தோண்டி புது வடிகால் போட வேண்டியதாயிற்று. வடிகால் இல்லாமல் ரோடு போடுவது நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

66 நாள் நடந்த ஒரு சுற்று

பனியால் ஆட்டம் நின்ற கதையில் பெரிய கதை 1963-ம் ஆண்டு நடந்தது. 1962 டிசம்பர் 26-ந்தேதி, கிறிஸ்துமஸ் மறுநாள், இங்கிலாந்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. மார்ச் தொடக்கம் வரை விடவில்லை. ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலையே பூஜ்யத்துக்கும் கீழே 2 டிகிரி. கெண்ட் மாவட்டத்தில் ஹெர்ன் பே என்ற ஊரில் கடலே கரையோரம் உறைந்து போனது. கடல் உறையும் என்று பழவேற்காட்டில் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே நடந்தது அதுதான்.

எப்.ஏ. கோப்பை என்று அந்த நாட்டில் பெரிய கால்பந்து போட்டி உண்டு. அதன் 3-வது சுற்றில் மொத்தம் 32 மேட்ச். 1963 ஜனவரி 5-ந்தேதி ஒரே நாளில் முடிய வேண்டியது. அன்றைக்கு நடந்தது 3 மேட்ச்தான். மீதி எல்லாம் தள்ளி, தள்ளி, கடைசி மேட்ச் மார்ச் 11-ந்தேதி முடிந்தது. ஒரு சுற்றுக்கு 66 நாள். அந்த ஒரு சுற்றில் மட்டும் 261 தடவை ஒத்திவைப்பு அறிவிப்பு வந்தது. லிங்கன் சிட்டி - கவன்ட்ரி சிட்டி மேட்ச் மட்டும் 15 தடவை தள்ளிப்போனது. மே 4-ந்தேதி நடக்க வேண்டிய இறுதிப்போட்டி மே 25-ந்தேதிக்கு போனது. மான்செஸ்டர் யுனைடெட் அணி லெஸ்டரை 3-1 என்று ஜெயித்து கோப்பையை தூக்கியது.

மேட்ச் இல்லாவிட்டால் கேட் வசூல் இல்லை. சின்ன கிளப்புகள் தவித்துப் போயின. ஹாலிபாக்ஸ் டவுன் என்ற கிளப் சும்மா இருக்கவில்லை. உறைந்த மைதானத்தை சறுக்கு விளையாட்டுக்கு திறந்துவிட்டு ஜனங்களிடம் காசு வாங்கியது. பிழைக்கத் தெரிந்தவர்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. எந்த மேட்ச் டிராவில் முடியும் என்று கூப்பனில் எழுதி அனுப்பி பணம் கட்டும் 'பூல்ஸ்' என்ற சூதாட்டம் அங்கே தொழிலாளர் வீடுகளில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நம்ம ஊரில் லாட்டரி இருந்த மாதிரி (தமிழ்நாட்டில் 2003-ல் தடை போட்டார்கள்). மேட்சே நடக்காததால் வாரக்கணக்கில் கூப்பன் எல்லாம் செல்லாமல் போனது. கம்பெனிகளுக்கு பெரிய அடி. உடனே ஒரு வேலை செய்தார்கள். டாம் பின்னி, டாமி லாட்டன் உள்பட முன்னாள் ஆட்டக்காரர்கள் 4 பேரையும், முன்னாள் நடுவர் ஒருவரையும் லண்டனில் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். 1963 ஜனவரி 26-ந்தேதி அவர்கள் முதல் முறையாக கூடினார்கள். நடக்காத மேட்ச் நடந்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று பேசி, "இது டிரா, இது வெற்றி" என்று அறிவித்தார்கள். அதை வைத்து பரிசும் கொடுத்தார்கள்.

ஆடாத ஆட்டத்துக்கு முடிவு, அந்த முடிவுக்கு பணம். படகு போகாத நாளில் "போயிருந்தால் இன்றைக்கு ரெண்டு கூடை இறால் வந்திருக்கும்" என்று 5 பேர் உட்கார்ந்து முடிவு சொல்லி காசு கொடுத்தால் எப்படி இருக்கும்? பழவேற்காட்டில் அப்படி ஒரு அறை கிடையாது.

இந்தியாவிலும் பனியால் கால்பந்து நிற்கிற ஊர் இருக்கிறது. ஸ்ரீநகர். 2014 வெள்ளத்துக்கு பிறகு அங்கே பையன்களுக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று தொடங்கிய ரியல் காஷ்மீர் அணி, 2018-19 சீசனில் ஐ-லீக் போட்டிக்குள் நுழைந்தது. குளிர்காலத்தில் பனி மூடினால் அங்கே மேட்ச் தள்ளிப்போகும். மேகம், பனிமூட்டம் என்று விமானம் இறங்க முடியாமல் போனாலும் சிக்கல்தான். அந்த 2018-19 சீசன் ஐ-லீக் கோப்பையை ஜெயித்தது யார் தெரியுமா? நம்ம சென்னை சிட்டி அணி.

சென்னையில் பனி இல்லை, தண்ணீர் உண்டு

நம்ம பக்கம் குளிர்காலம் என்றால் வடகிழக்கு பருவமழை. பனிக்கு பதில் வெள்ளம், புயல்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது ஐ.எஸ்.எல். கால்பந்தில் சென்னையின் எப்.சி. அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. சொந்த ஊர் மேட்ச் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டியது. ஊரே தண்ணீரில் இருக்கும்போது எங்கே நடத்துவது? மேட்சை புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12-ந்தேதி புனேயில் கொல்கத்தாவை 3-0 என்று சென்னை அணி சாய்த்தது. கொல்கத்தாவில் நடந்த அடுத்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றாலும் மொத்த கணக்கில் ஜெயித்து, 20-ந்தேதி கோவாவில் இறுதிப்போட்டியில் 3-2 என்று கோப்பையை வாங்கியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்து சேறு வாரிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

அடுத்த வருஷமே வர்தா. 2016 டிசம்பர் 12-ந்தேதி சென்னை அருகே கரையை கடந்தது. 16-ந்தேதி சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட். நடக்குமா நடக்காதா என்று பேச்சு. ஈரமான ஆடுகளத்தை தட்டில் நெருப்புக் கரி போட்டு வாட்டி காய வைத்தார்கள். சொன்ன தேதியில் மேட்ச் தொடங்கியது. கருண் நாயர் 303 ரன் அடித்தது அந்த மேட்சில்தான். மனசு வைத்தால் கரி அடுப்பு வைத்தாவது ஒரு ஆட்டத்தை காப்பாற்றி விடுகிறார்கள்.

2023-ல் மிக்ஜாம். டிசம்பர் 5-ந்தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையை கடந்தது என்றாலும், அதற்கு முன்னால் 3, 4 தேதிகளில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் போட்டு வாங்கியது. டிசம்பர் 9, 10 தேதிகளில் சென்னை தீவுத்திடலை சுற்றி நடக்க இருந்த பார்முலா-4 கார் பந்தயம் தள்ளி வைக்கப்பட்டது. தள்ளி, தள்ளி, 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. எட்டரை மாதம் கழித்து நடந்தாலும் பந்தயம் பந்தயம்தான். கார் கெட்டுப் போகாது. மீன் கெட்டுப் போகும்.

எத்தனாம் நம்பர் கூண்டு?

பழவேற்காட்டுக்கு வருவோம். இங்கே நடுவர் வேலையை பார்ப்பது வானிலை மையம். காற்று மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தை தொடும் என்று தெரிந்தாலே மீனவர்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும். அந்த தகவலை மீன்வளத்துறை குப்பங்களுக்கு அனுப்பும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம் என்று ஒவ்வொரு ஊரிலும் ஊர் நிர்வாகிகள் மூலம் "யாரும் கடலுக்கு போகக்கூடாது" என்று தகவல் போகும். இப்போது செல்போனிலும் வந்துவிடுகிறது.

பேப்பரில் "1-ம் நம்பர் கூண்டு ஏற்றம்", "3-ம் நம்பர் கூண்டு ஏற்றம்" என்று படிக்கிறோமே, அது துறைமுகத்தில் ஏற்றுவது. பழவேற்காட்டுக்கு பக்கத்தில் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். பகலில் கூம்பு, உருளை மாதிரி அடையாளங்களை கம்பத்தில் ஏற்றுவார்கள். ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்கு. மொத்தம் 11 நம்பர்.

1-ம் நம்பர் என்றால் தூரத்தில் கடலில் கொந்தளிப்பு, புயல் உருவாகலாம் என்று அர்த்தம். 2 என்றால் தூரத்தில் புயல் உருவாகிவிட்டது. இந்த ரெண்டும் கடலில் இருக்கும் கப்பலுக்குத்தான் முக்கியம். 3 ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 4 என்றால் புயல் துறைமுகத்தை தாக்கலாம், ஆனால் பெரிய நடவடிக்கை இன்னும் வேண்டாம். 5, 6, 7 அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்த பக்கமாக கரையை கடக்கும், இல்லை மேலேயே கடக்குமா என்பதை பொறுத்து நம்பர் மாறும். 8, 9, 10 பெரிய அபாயம், தீவிர புயலுக்கு. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். நம்பர் கூடக்கூட ஆபத்து படிப்படியாக கூடுகிறது என்று பலபேர் நினைக்கிறார்கள். 5-க்கும் 6-க்கும் ஆபத்தில் வித்தியாசம் இல்லை, திசையில்தான் வித்தியாசம் என்பது குறிப்பிடத்தக்கது.

கூண்டு 1-ல் இருக்கும்போதே பழவேற்காட்டில் படகு நின்றுவிடும். பைபர் படகு தாங்கும் காற்று வேறு, கப்பல் தாங்கும் காற்று வேறு. வானிலை மையம் கணக்கில் காற்று 31 கிலோமீட்டரை தாண்டினால் தாழ்வு மண்டலம், 62-ஐ தொட்டால்தான் புயல் என்று பெயர். பெயர் வைக்காத காற்றிலேயே படகு கவிழ்ந்துவிடும்.

இங்கே மைதானம் சரியில்லை என்றால்...

கால்பந்துக்கு மைதானம் எப்படியோ, பழவேற்காட்டுக்கு முகத்துவாரம் அப்படி. ஏரியும் கடலும் சேருகிற வாய் அது. ஏரிக்கரை ஊர்களில் இருந்து கடலுக்கு போகிற படகுகள் அந்த வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், உள்ளே வர வேண்டும்.

அந்த இடம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. அலை மணலை கொண்டுவந்து கொட்டும். திட்டு திட்டாக மேடு எழும்பும். ஏரியே சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். முகத்துவாரம் தூர்ந்தால் படகு தரை தட்டும். தரை தட்டிய படகை அலை பக்கவாட்டில் அடித்தால் கவிழ்த்துவிடும். நடுக்கடலில் தப்பித்து வந்த படகு ஊர் தெரிகிற தூரத்தில் வந்து கவிழ்கிற கொடுமை இங்கேதான் நடக்கும்.

வேடிக்கை என்னவென்றால் இந்த வாயை திறந்து வைப்பதும் அதே மழைக்காலம்தான். ஆரணி ஆற்றிலும் மற்ற ஆறுகளிலும் வெள்ளம் வந்து ஏரி நிரம்பி, அந்த தண்ணீர் கடலுக்கு பாயும்போது மணலை அடித்துக்கொண்டு போகும். மழை பொய்த்தால் வாய் அடைபடும். வாய் அடைபட்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. உப்பும் நன்னீரும் கலக்காவிட்டால் இறாலும் நண்டும் பெருகாது. அதனால் இங்கே உள்ளவர்கள் மழையை திட்ட மாட்டார்கள். மழையும் வேண்டும், காற்றும் வேண்டாம். கேட்டபடியா கிடைக்கிறது?

முகத்துவாரம் மூடாமல் இருக்க கடலுக்குள் கல் சுவர் கட்ட வேண்டும் என்பது இந்த பகுதி மீனவர்களின் பல வருஷத்து கோரிக்கை. அரசும் அதற்கு திட்டம் போட்டது. அது ஒழுங்காக நிற்கிறதா என்பதை எந்த அதிகாரியும் சொல்ல வேண்டியதில்லை, அடுத்தடுத்த மழைக்காலம் சொல்லிவிடும்.

ராக்கெட் நாளும் லீவு நாள்தான்

பழவேற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு ஒத்திவைப்பும் உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்கு போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை வரும். ராக்கெட்டின் பாகம் கடலில் விழும் என்பதால் இந்த ஏற்பாடு.

ராக்கெட்டும் வானிலைக்கு கட்டுப்பட்டதுதான். 2023 அக்டோபர் 21-ந்தேதி ககன்யான் திட்டத்துக்கான சோதனை ராக்கெட் காலை 8 மணிக்கு கிளம்ப வேண்டியது. மழை மேகத்தால் எட்டரை ஆனது. பிறகு 8.45 ஆனது. கடைசி 5 வினாடியில் கம்ப்யூட்டர் நிறுத்திவிட்டது. கோளாறை பார்த்து சரிசெய்து 10 மணிக்கு விட்டார்கள். அதில் இருந்து பிரிந்த பெட்டகம் கரையில் இருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் இறங்கியது. பைபர் படகு போகிற தூரம்தான் அது.

அன்றைக்கு ரெண்டு மணி நேரத்தோடு போச்சு. சில சமயம் நாள் கணக்கில் தள்ளிப்போகும். தேதி மாறினால் கடல் தடையும் புது தேதிக்கு மாறும். ராக்கெட்டுக்கு ஒரு நாள்தான் பெயர், மீனவனுக்கு அது ரெண்டு நாள் பட்டினி என்றாகிவிடும். நாட்டுக்கு பெருமை என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. வீட்டு வாசலில் இருந்தே ராக்கெட்டை பார்க்கிற ஊர் எத்தனை இருக்கிறது?

பங்கு போனால் எல்லாம் போச்சு

கால்பந்து ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம், மாத சம்பளம். படகில் போகிறவனுக்கு பங்கு. பிடித்த மீனை ஏலம் விட்டு வந்த காசில் எண்ணெய் செலவு, ஐஸ் செலவு கழித்து, மீதியில் படகுக்கும் வலைக்கும் ஒரு பாகம், ஆட்களுக்கு ஒரு பாகம். ஊருக்கு ஊர் பங்கு முறை மாறும்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 10 ஆயிரம் ரூபாய்க்கு மீன் விற்றது. செலவு 4 ஆயிரம் போக மீதி 6 ஆயிரம். அதில் பாதி படகு, வலைக்கு. மீதி 3 ஆயிரம் 4 பேருக்கு. ஆளுக்கு 750. மீன் இல்லாவிட்டால் செலவு மட்டும் நிற்கும். படகே போகாவிட்டால் செலவும் இல்லை, வரவும் இல்லை. ஆனால் வாங்கிய கடனுக்கு வட்டி லீவு எடுக்காது.

ஒரு படகு நின்றால் அதில் போகிற நாலு பேரோடு முடிவது இல்லை. ஏலத்தில் மீன் எடுத்து கூடையில் வைத்து பொன்னேரி பக்கம் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஐஸ் உடைக்கிறவருக்கு இல்லை. கூடை தூக்குகிறவருக்கு இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்கு சவாரி இல்லை. இவர்கள் யார் பெயரும் படகு லைசென்சில் இருக்காது.

ஏரிக்குள் மட்டும் தொழில் செய்கிறவர்கள் நிலைமை வேறு. சில ஊர்களில் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று முறை பிரித்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் நல்ல இடம் சுற்றி வர வேண்டும் என்பதற்காக பெரியவர்கள் செய்த ஏற்பாடு. கால்பந்து லீக் அட்டவணை மாதிரிதான். ஆனால் முறை வந்த அன்றைக்கு காற்றும் மழையும் அடித்தால் வலை கட்ட முடியாது. வலையே இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழைகளும் இந்த ஏரியில் உண்டு. வாடைக்காற்று வீசும் மார்கழி விடியலில் அந்த தண்ணீரில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும், குளிர்காலம் என்றால் என்ன என்று. அதே நேரத்தில் பூநாரை பார்க்க சென்னையில் இருந்து கார் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது சீசன்.

நாளைக்கு 65 ரூபாய்

அரசு ஒன்றும் கொடுக்காமல் இல்லை. கடல் மீனவர் குடும்பங்களுக்கு மழைக்காலத்தில், மீன் வரத்து குறையும் காலத்துக்கான நிவாரணம் என்று 6 ஆயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டு வந்துள்ளது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்துக்கு 92 நாள். வகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 65 ரூபாய்.

இது தவிர சேமிப்பு நிவாரண திட்டம் இருக்கிறது. மீனவர் தன் பங்காக 1,500 ரூபாய் கட்ட வேண்டும். மத்திய, மாநில அரசுகள் 3 ஆயிரம் சேர்த்து, 4,500 ஆக திருப்பிக் கொடுப்பார்கள். இதில் மூன்றில் ஒரு பங்கு அவர் காசுதான்.

மீன்பிடி தடைக்காலம் தனி. கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்கு போகக்கூடாது. 2016 வரை இது 45 நாளாக இருந்தது. தடைக்கால நிவாரணத்தை 5 ஆயிரத்தில் இருந்து 8 ஆயிரமாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அது நாளைக்கு 131 ரூபாய் வருகிறது.

தடைக்காலம் எப்போது வரும், எப்போது போகும் என்று காலண்டரிலேயே தெரியும். அதற்கு தகுந்த மாதிரி கடன் வாங்கலாம், வலையை பழுது பார்க்கலாம், வேறு வேலைக்கு போகலாம். ஜெர்மனி, ரஷியா மாதிரி நாடுகளில் கால்பந்துக்கு குளிர்கால விடுமுறை என்று அட்டவணையிலேயே போட்டுவிடுகிறார்கள், அதுபோல. புயல் லீவு அப்படி சொல்லிவிட்டு வருவது இல்லை. திங்கட்கிழமை 2 நாள் என்பார்கள். புதன்கிழமை மேலும் 3 நாள் என்பார்கள். புயல் கரையை கடந்த பிறகும் அலை அடங்க நாள் ஆகும். அடுத்த வாரமே இன்னொரு தாழ்வு வங்கக்கடலில் முளைக்கும். இந்த நாட்களுக்கு தனித்தனியாக எந்த கணக்கும் இல்லை, எல்லாம் அந்த 6 ஆயிரத்துக்குள் அடக்கம்.

"எச்சரிக்கை விட்டார்கள், ஆனால் புயல் வேறு பக்கம் போய்விட்டது, அன்றைக்கு கடல் குளம் மாதிரி இருந்தது" என்கிற பேச்சை ஒவ்வொரு வருஷமும் கரையில் கேட்கலாம். அந்த கோபம் நியாயமானதுதான். அதற்காக அடுத்த முறை எச்சரிக்கையை தட்டிவிட்டு போவது ஆபத்து. மேட்சை நிறுத்திய நடுவரை திட்டுகிற ரசிகன் கேலரியில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே திட்டுகிறவர்தான் படகிலும் இருக்கிறார். போன நாளுக்கு ஒழுங்கான கூலி கிடைக்கும் என்றால், எச்சரிக்கை விட்ட அன்றைக்கு திருட்டுத்தனமாக படகை தள்ளுகிற அவசியம் பலபேருக்கு இருக்காது.

எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலுக்கு போய் மாட்டிக்கொண்ட படகு இருந்தால் கடலோர காவல்படையின் 1554 என்ற இலவச நம்பருக்கு உடனே போன் செய்யலாம். படகின் பெயர், பதிவு எண், எத்தனை பேர், எந்த பக்கம் போனார்கள் என்ற விவரத்தை கையில் வைத்துக்கொண்டு பேசினால் தேடுவது சுலபம். கடலுக்கு போகும்போது இந்த விவரத்தை வீட்டில் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு போவது நல்லது.

கூண்டு இறங்கிய மறுநாளும் படகுகள் மொத்தமாக கிளம்பாது. அனுபவம் உள்ள ஒருவர் ரெண்டு பேர் முதலில் முகத்துவாரம் வரை போய் மணல் எந்த பக்கம் சேர்ந்திருக்கிறது, ஆழம் எந்த பக்கம் மாறியிருக்கிறது என்று கழி விட்டுப் பார்த்து வருவார்கள். வழி இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மற்ற படகுகளில் எஞ்சின் சத்தம் கேட்கும்.